பொட்டு வைத்த மேக்னெட்டோ

அன்புள்ள பிரேமாவுக்கும் தினேஷுக்கும் அப்பா எழுதுவது.

போன வாரம் தினேஷின் மின்சார ஸ்கூட்டர் மழையில் நின்றுவிட்டது. கைப்பேசியில் ஏதோ ஓர் எண் வந்தது. அந்த எண்ணைச் சொன்னதும் பட்டறைக்காரர்கள் ஒரு பெட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை, நல்ல வசதிதான். ஆனால் சாப்பிடும்போது பிரேமா ஒரு கேள்வி கேட்டாள்: "உங்க வேலையில நம்பர் எல்லாம் வராதே, பிறகு எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?" வாயில் சோறு இருந்ததால் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஆறு வருஷம் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ்தான் என்னிடம் இருக்கிறது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

தொழில் படித்த காலத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு, மாக் மண்டினில் ஒரு இரும்புப் பட்டறையில் சேர்ந்தேன். பித்தளைத் துண்டு ஒன்றைக் கொடுத்து உருண்டையாக அராவு என்பார்கள். உருண்டையானதும், சரி, இப்போது சதுரமாக்கு என்பார்கள். எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலுக்கும் ஒரு நாள் பலன் கிடைத்தது, அது பின்னால் வரும். பிறகு ஃபெரி ஏறித் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனுக்கு வந்து மோட்டார் சைக்கிள் பட்டறையில் சேர்ந்தவன், ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

என்னைச் சேர்த்துக்கொண்ட பழைய தவுக்கே, பட்டறையின் சீன முதலாளி, கால் முடியாமல் வீட்டோடு தங்கிய பிறகு, அவர் மகள் சியூ லான் பட்டறையை எடுத்துக்கொண்டார். என்னைவிட ரொம்பவும் சின்னவர். பொம்பளை தவுக்கே என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கொஞ்ச நாள் சிரித்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டறையிலேயே வளர்ந்தவர், எங்களோடு பேசிப் பேசித் தமிழும் வந்துவிட்டது. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அதட்ட மாட்டார். வண்டி வந்தால் உடனே ஸ்பேனரைத் தொடவும் விட மாட்டார். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டிக்காரரைப் பேச விடுவார்.

அவருடைய பழக்கம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். குச்சியில் சுட்ட இறைச்சி, அதுதான் சாத்தே, விற்கும் மலாய்ப் பெரியவர் ஒருவர் இருந்தார், பாக்சிக் என்று கூப்பிடுவோம். அவர் வண்டி, வியாபாரத்துக்குப் போகும்போது நன்றாக ஓடும், வீடு திரும்பும்போது மட்டும் நின்று நின்று போகும். நாங்கள் பட்டறையில் ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. சியூ லான் பாக்சிக்கை வீட்டுக்கு அனுப்பி, அடுப்பு, விசிறி, ஸ்டூல் எல்லாவற்றையும் வியாபாரம் முடிந்து கட்டுவது போலவே கட்டிக்கொண்டு வரச் சொன்னார். வந்தார். மடக்கு ஸ்டூலைக் கட்டிய ரப்பர் வார் பெட்ரோல் குழாயை நெரித்துக்கொண்டிருந்தது. போகும்போது அந்த ஸ்டூல் அடுப்புக்கு மேல் இருக்குமாம். அன்றைக்கு எங்களுக்கெல்லாம் சாத்தே கிடைத்தது.

அன்று சியூ லான் சொன்னார்: "எங்க வலிக்குதுன்னு வண்டி சொல்லாது லா, அண்ணே. வலிய நம்மதான் வர வைக்கணும்." பிரேமா கேட்டதற்கு இதுதான் பதில். நோயை முதலில் கண் முன்னால் வரவழைக்க வேண்டும். வராத நோய்க்கு மருந்து கொடுக்கக் கூடாது.

இனி லெட்சுமியின் வண்டிக் கதை.

லெட்சுமியை உங்களுக்குத் தெரியும். நம் பாயான் பாரு வீட்டுக்குப் பின்வரிசையில் இருப்பவர், பாயான் லெப்பாஸில் கம்ப்யூட்டர் சில்லு செய்யும் தொழிற்சாலையில் லைன் லீடர். அவருடைய அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். இங்கிலாந்தில் செய்த பழைய ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் ஒன்றைத் துண்டு துண்டாக வாங்கி, தாமே பூட்டி, கடைசி வரை ஓட்டினார். அவர் போன பிறகு லெட்சுமி அதில்தான் வேலைக்குப் போய் வந்தார். தொழிற்சாலை வாசலில் அந்த வண்டி வந்து நின்றால் காவலாளி எழுந்து நிற்பார் என்று கேலி செய்வார்கள்.

ஆனால் அவர் அப்பா இறந்த வருஷத்து மழைக்காலத்திலிருந்து வண்டி மிஸ் அடிக்க ஆரம்பித்தது. வெயிலில் குதிரை மாதிரி ஓடும். மழை பிடித்தால் பத்து வெடிக்கு நாலு வெடி தவறும், பிறகு செருமும், பிறகு நின்றுவிடும். ஒரு நாள், தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் பாலத்துக்குத் திரும்பும் இடத்தில், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது நின்றுவிட்டது. லாரிக்காரர் பிரேக் பிடித்த சத்தம் தன் காதை விட்டு ஒரு வாரம் போகவில்லை என்று லெட்சுமி சொன்னார்.

அதைக் கேட்டதும் அவர் தம்பி குணா முடிவு எடுத்துவிட்டார். பழைய வண்டிகள் சேர்க்கும் ஒருவர் கோலாலம்பூரில் இருந்தார், அவரிடம் பேசி ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். குணா கெட்டவர் இல்லை. அக்காளும் தம்பியும் ஒன்றாகத்தான் எங்கள் பட்டறைக்கு வந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

"அண்ணே, இது பாசத்துல வச்சிருக்கிற வண்டி இல்ல, எமன்," என்றார் குணா. "இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நா யாரக் கேக்கறது?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள மழையில ஓடுனா விக்கிறதில்ல. இவன்தான் சொன்னான். மறக்காம இருக்கட்டும்," என்றார் லெட்சுமி.

"சொன்னேன். நெசமான மழையில, டவுன்ல இருந்து வீடு வரைக்கும். பைப்புத் தண்ணியில இல்ல."

சியூ லான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வண்டி ஏற்கெனவே மூன்று பட்டறைகளைப் பார்த்துவிட்டது என்று லெட்சுமி சொன்னார். பாயான் பாருவில் ஒரு சீனர், பாலேக் பூலாவில் ஒரு மலாய்க்காரர், பட்டர்வொர்த்தில் நம் ஆள் ஒருவர். பிளக், ஒயர், கண்டன்சர் எல்லாம் மாற்றியாயிற்று, கார்ப்பரேட்டரைக் கழுவியாயிற்று, பெட்ரோல் டாங்கியில் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்தாயிற்று. மூவரும் கெட்டிக்காரர்கள்தான். மூவரையும் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் சியூ லான் தம் ஆர்க்கிட் செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் புட்டியை என் கையில் கொடுத்தார். பிறகு செய்த முறையை அப்படியே எழுதுகிறேன், தினேஷ் கவனமாகப் படி. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினைச் சூடாக்கி, மெதுவாக ஓட விட்டோம். ஒரு நேரத்தில் ஒரு இடத்தை மட்டும் நனைக்க வேண்டும். நனைத்துவிட்டுக் காதைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஓட்டம் மாறவில்லை என்றால் அந்த இடத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, உலர்ந்த பிறகுதான் அடுத்த இடத்துக்குப் போகலாம். இல்லாவிட்டால் எந்தத் தண்ணீர் குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். கார்ப்பரேட்டரில் தொடங்கினேன். டாங்கி மூடி, பிளக், பிளக் தொப்பி, ஒயரில் விரல் விரலாக ஒவ்வொரு இடம், பிறகு மேக்னெட்டோவின் இரும்பு உடம்பு.

மேக்னெட்டோ என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து வண்டியில் பிளக்குக்கு வேண்டிய மின்சாரம் பாட்டரியிலிருந்து வருவதில்லை. எஞ்சினே சுழற்றும் ஒரு சின்ன எந்திரம் அதைச் செய்து தரும். அந்த மின்சாரம் வெளியே வரும் வாசலில் ஒரு வட்டமான கருப்பு மூடி உண்டு, பழைய டெலிபோன் செய்த அதே கருப்புப் பொருளில் செய்தது. அந்த மூடியின் நடுவிலிருந்துதான் ஒயர் கிளம்பிப் பிளக்குக்குப் போகும்.

நனைத்து நனைத்துப் பார்த்தேன். ஓட்டம் மாறவே இல்லை. டக், டக், டக் என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாம் நனைச்சாச்சா?" என்று கேட்டார் சியூ லான்.

ஆச்சு என்றேன். அவர் கோப்பிக் கிண்ணத்தை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "அது?"

அது அந்தக் கருப்பு மூடிதான். அதன் முகத்தில் சந்தனப் பொட்டும் குங்குமமும் இருந்தன, சுற்றிலும் திருநீறு பூசியிருந்தது. ஆயுத பூசைக்கு வைத்தது என்று பார்த்ததுமே தெரிந்தது. என் கை தானாகவே அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. பொட்டு வைத்த இடத்தைத் துடைப்பதாவது, நனைப்பதாவது? மற்ற மூவரும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும். நம் ஆளுக்குச் சாமி பயம். சீனருக்கும் மலாய்க்காரருக்கும், அடுத்தவர் சாமி விஷயத்தில் கை வைக்க வேண்டாம் என்ற மரியாதை. மூன்று பட்டறையிலும் வண்டியைப் பளபளவென்று துடைத்திருந்தார்கள், அந்த ஓர் இடத்தைத் தவிர.

சாமிப் பொட்டு என்றேன். எங்கள் பட்டறையிலும் சிவப்பு விளக்கு எரியும் சாமி மாடம் உண்டு. அதனால் சியூ லான் சிரிக்கவில்லை.

"துடைக்க வேணாம் அண்ணே. தண்ணி தெளிக்கலாம்தானே? உங்க கோயில்ல ஐயரு தண்ணி தெளிக்கிறாரு, நா பார்த்திருக்கேன்."

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு லேசாகத் தெளித்தேன்.

டக், டக், ஒரு இடைவெளி, டக், பிறகு இரண்டு இடைவெளி. செருமியது. நின்றுவிட்டது.

சியூ லான் எழுந்து போய்க் கடையின் இரும்புக் கதவை இழுத்துவிட்டார். நட்ட நடுப் பகலில் பட்டறை இருட்டானது. வண்டியை மறுபடி உதைத்துக் கிளப்பினேன். பிள்ளைகளே, நாற்பது வருஷத் தொழிலில் அந்த மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒயரின் அடியிலிருந்து ஒரு நீல இழை கிளம்பி, ஈரச் சந்தனத்தின் மேல் ஊர்ந்து, திருநீற்றுக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, மூடியைத் தாண்டி இரும்பு உடம்பில் போய் விழுந்தது. அறுந்த பல்லி வால் மாதிரி துடித்தது. அது துடித்த ஒவ்வொரு முறையும் எஞ்சின் ஒரு வெடியைத் தவறவிட்டது.

திருநீறு சாம்பல், அதில் உப்பு இருக்கிறது. உலர்ந்திருந்தால் வெறும் தூசு. ஈரமானால் மின்சாரத்துக்கு அது ரோடு. பிளக்கில் போய் ஒரு இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிற கஷ்டம் எதற்கு என்று, மின்சாரம் இந்தச் சுலபமான வழியில் இறங்கிவிடுகிறது. காரணம் இவ்வளவுதான். கதவைத் தூக்கியதும் சியூ லான் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் யாரையும் தொட்டுப் பேசி நான் பார்த்ததில்லை.

ஆனால் வேலை பாதிதான் முடிந்திருந்தது. அந்தப் பொட்டைப் பற்றி லெட்சுமியிடம் கேட்க வேண்டும். சாயந்தரம் அவரும் குணாவும் வந்தார்கள். யார் வைத்தது என்று கேட்டேன்.

அப்பா வைத்தது என்றார் லெட்சுமி. கடைசி ஆயுத பூசையன்று, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் வைத்தாராம். வண்டிக்கு உயிர் பிறக்கிற இடம் அது என்று எப்போதும் அங்கேதான் வைப்பாராம். ஆனால் அவர் இரண்டு மூன்று நாளில் வண்டியைக் கழுவித் துடைத்துவிடுவார். லெட்சுமி துடைக்கவில்லை. அப்பாவின் விரல் பட்ட பொட்டாயிற்றே. வெள்ளிக்கிழமைதோறும் பொட்டின் மேல் படாமல் சுற்றித் திருநீறு பூசி வந்திருக்கிறார். அப்பா போனதிலிருந்து வண்டி அழுகிறது என்று வீட்டில் சொன்னதெல்லாம் இதுதான்.

நான் பார்த்ததைச் சொன்னேன். லெட்சுமி மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார், "துடைச்சிட்டீங்களா?"

"இல்லம்மா. உங்களக் கேக்காம கை வைக்க மாட்டேன்."

குணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பார்த்தியாக்கா, மழையில ஓட்டாதன்னு அப்பாவே சொல்லியிருக்காரு."

"எனக்கு மழையிலதான்டா அப்பா ஓட்டக் கத்துக் கொடுத்தாரு. உனக்குத்தான் நனைஞ்சா சளி பிடிக்கும்னு வீட்டுல வச்சாரு," என்றார் லெட்சுமி. சியூ லான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

துடைத்தாலும் போதாது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. நீல இழை ஓடி ஓடி, பொட்டுக்கு அடியில் மூடியைக் கோடு மாதிரி கருக்கியிருந்தது. அந்தக் கோடு இனிப் போகாது. மூடியையே மாற்ற வேண்டும். மாற்றினால் பழைய மூடி பொட்டோடு அப்படியே வெளியே வந்துவிடும்.

லெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப கழட்டுங்க அண்ணே. பொட்டு உதிராம கழட்டணும்," என்றார். ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, கிளிப்பைத் தளர்த்தி, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போல எடுத்து, பஞ்சு வைத்த பிஸ்கட் டின்னில் வைத்துக் கொடுத்தேன். சந்தனத்தில் ஒரு பொடி உதிரவில்லை.

புது மூடிக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வர வாரக் கணக்கில் ஆகும். அதே மேக்னெட்டோவைத் தோட்டங்களில் தண்ணீர் பம்ப் எஞ்சினிலும் வைத்திருந்தார்கள் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. மாக் மண்டினில் என்னோடு அரம் பிடித்த மணியம் இப்போது அங்கேயே பழைய இரும்பு வியாபாரம் செய்கிறார். போய்க் கேட்டேன். ஒரு பகல் முழுவதும் குவியலைக் கிளறினோம். கிடைத்தது. கருப்பு இல்லை, பழுப்பு நிறம். உள்ளே இருந்த பித்தளை வளையம் ஒரு மயிரிழை பெரிதாக இருந்தது. மணியம் அரத்தை என்னிடம் நீட்டி, "உருண்டையா இருக்கிறத இன்னும் உருண்டையாக்கு," என்றார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அரை மணியில் அது மூடிக்குரிய இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

புட்டித் தண்ணீருக்கு வண்டி அசரவில்லை, ஒரு வெடிகூடத் தவறவில்லை. ஆனால் குணா கேட்டது நிஜ மழை. அந்த வாரம் பார்த்து வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மழைக்காலத்தில் அப்படி ஒரு வெயிலை நான் கண்டதில்லை. வெள்ளி போயிற்று. சனிக்கிழமை மத்தியானம் லெட்சுமி பட்டறைக்கு வந்து, கடை முன்னால் கூரை போட்ட நடைபாதையில், அஞ்சடியில், நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குணாவும் காரோடு வந்து நின்றார். அவரும் வானத்தைத்தான் பார்த்தார். மழை வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாரா, வரக் கூடாது என்றா, எனக்குத் தெரியாது.

மூன்று மணிக்கு மேல் கொடி மலைப் பக்கம் கறுத்தது. சியூ லான் எழுந்து தம் ஆர்க்கிட் தொட்டிகளை வெளியே தூக்கி வைத்தார். முதல் துளி விழுந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் நகர்ந்தோம்.

"அண்ணே, பின்னால உக்காருங்க. காது பக்கத்துல இருக்கட்டும்," என்றார் சியூ லான்.

லெட்சுமி ஓட்ட, நான் பின்னால் ஏறினேன். குணா காரில் எங்கள் பின்னால் வந்தார். கடலோரச் சாலைக்கு வருவதற்குள் மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. எனக்கு முன்னால் போகும் வண்டி தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினை மட்டும் கேட்டேன். டக், டக், டக், டக். பாலத்துக்குத் திரும்பும் இடம் வந்தது. லாரி பிரேக் பிடித்த இடம். லெட்சுமியின் முதுகு விறைத்ததை நான் உணர்ந்தேன். கார்கள் ஒன்றோடொன்று முட்டாத குறையாக நின்றன. லெட்சுமி வேகத்தைக் குறைத்தார். ஒற்றைச் சிலிண்டர் வண்டி மிஸ் அடிப்பதாக இருந்தால் அந்த மெதுவான ஓட்டத்தில்தான் அடிக்கும். அடிக்கவில்லை. கார்களின் இடுக்கில் புகுந்து, அந்த இடத்தைக் கடந்து, வேகம் பிடித்தோம். லெட்சுமி சத்தமாகப் பாட ஆரம்பித்துவிட்டார். என்ன பாட்டென்று மழையில் கேட்கவில்லை.

பாயான் பாருவில் வீட்டு வாசலில் நின்று, எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்தோம். குணா நெரிசலில் மாட்டி ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தார். கண்ணாடியை இறக்கி, "நா பார்க்கலியே. பாலத்துக்கிட்ட உங்கள விட்டுட்டேன்," என்றார்.

லெட்சுமி கோபப்படவில்லை. கைப்பிடியைத் திருகிக்கொண்டே சொன்னார்: "பார்க்கலயா? சரி, வண்டியில ஏறு. அண்ணே, நீங்க கார்ல வாங்க."

குணா தயங்கினார். பிறகு செருப்பைக் காரில் கழற்றிப் போட்டுவிட்டு, அக்காளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். சின்ன வயதில் அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்தது போலப் பயந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார் என்று லெட்சுமி பிறகு சொல்லிச் சிரிப்பார். நான் அவர் காரை ஓட்டிக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து டவுனுக்குப் போய்ச் சேர்ந்தேன். பட்டறை வாசலில் இரண்டு பேரும் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார்கள். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. சியூ லான் இருவருக்கும் கோப்பி கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

குணா கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார். கோலாலம்பூர்க்காரரிடம் நாளைக்கு வர வேண்டாம் என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்ல பாஸ், கெட்டுப் போகல. ஓடுது. அதனாலதான்," என்றார் குணா. இந்த வார்த்தைகளைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷம், வேறு எந்த வண்டியிலும் வந்ததில்லை.

அந்தப் பிஸ்கட் டின் இப்போது லெட்சுமி வீட்டுச் சாமி மேடையில், அப்பா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த ஆயுத பூசைக்கு வண்டியைப் பட்டறைக்கே கொண்டுவந்து, எங்கே பொட்டு வைக்கலாம் என்று என்னையும் சியூ லானையும் கேட்டார். முன்விளக்கின் மேல் வைக்கச் சொன்னோம். அன்றிலிருந்து பட்டறையில் ஒரு பேச்சு உண்டு. யாராவது எல்லாம் பார்த்தாச்சு என்று சொன்னால் சியூ லான் கேட்பார்: "சாமிக்கும் தண்ணி தெளிச்சாச்சா?" நான் ஓய்வு பெற்ற பிறகும் அங்கே அதைத்தான் கேட்கிறார்களாம்.

பிரேமா, மழை பெய்யும் காலைகளில் நான் ஏன் சமையலறை ஜன்னலைத் திறந்து வைக்கிறேன் என்று உன் அம்மா சத்தம் போடுவாள். சாரல் உள்ளே வருகிறதாம். வரட்டும். ஏழு மணி ஷிப்டுக்கு லெட்சுமி புறப்படுகிற நேரம் அது. பின்வரிசையில் ஒரு உதை, பிறகு டக், டக், டக் என்று நம் வீட்டைக் கடந்து, முனையில் திரும்பி, மழைக்குள் போகும். சத்தம் மறையும் வரை கேட்டுக்கொண்டிருப்பேன். இன்று காலையிலும் கேட்டேன். ஒரு வெடி தவறவில்லை.